வெண்பன்றி வளர்ப்பும் நம் பள்ளி மாணவர்களும்

சில மாதங்களுக்கு முன்னர் நமது வட்டாரத்திலுள்ள உயர்நிலைப் பள்ளி ஒன்றிற்குச் சென்றிருந்தோம். ஒன்பதாம், பத்தாம் வகுப்பு மாணவர்களிடம் கிராமத் தொழில்களைப் பற்றிச் சில வார்த்தைகள் கூறுமாறு தலைமையாசிரியர் கேட்டுக்கொண்டார். பேச்சைத் தொடங்குமுன், "உங்களில் யார் வீட்டில் மாடு வளர்க்கிறார்கள்?" என்று வினவினோம். பல கைகள் உயர்ந்தன. ஆடு என்றோம், இன்னும் பல உயர்ந்தன. கோழி என்றதும் வகுப்பில் முக்கால் பங்குக் கைகள் உயர்ந்தன. பன்றி என்றோம். மாணவர்கள் சிரித்தனர், ஒரு கையும் உயரவில்லை. அப்பள்ளிக்கு வரும் வழியிலேயே இரண்டு பன்றிக் கொட்டகைகளை நாம் கண்டிருந்தோம். அவ்வீட்டுப் பிள்ளைகள் அதே வகுப்பில்தான் அமர்ந்திருந்தனர்.

கூட்டம் முடிந்து வண்டியில் ஏறும் சமயத்தில் ஒரு மாணவன் ஓடி வந்தான். அக்கம் பக்கம் பார்த்துவிட்டு மெதுவாகக் கேட்டான்: "ஐயா, எங்கள் பன்றி போட்ட குட்டிகள் பத்துப் பதினைந்து நாளில் வெளுத்துப்போய், மூச்சு வாங்கிச் செத்துவிடுகின்றன. மண் தரையில் இருந்தபோது இப்படி இல்லை. சிமெண்டுத் தரை போட்ட பிறகுதான் இப்படி. ஏன் ஐயா?"

அக்கேள்வி நம்மைத் தலைகுனியச் செய்தது. சுகாதாரத்தை முன்னிட்டு, தெருவில் திரியும் பன்றிகளைக் கொட்டகையில் அடைத்துச் சிமெண்டுத் தரையில் வளர்க்குமாறு அக்குடும்பத்தாருக்கு யோசனை கூறியவர்கள் நாமே. யோசனை சரியானதே, ஆனால் பாதி யோசனை. பன்றிக்குட்டி பிறக்கும்போது அதன் உடலில் சுமார் 50 மில்லிகிராம் இரும்புச் சத்தே இருக்கிறது. வளர்ச்சிக்கு நாள் ஒன்றுக்கு 7 மில்லிகிராம் வேண்டும். தாய்ப்பால் மூலம் கிடைப்பதோ ஏறக்குறைய 1 மில்லிகிராம். மண்ணைக் கிளறித் திரியும் குட்டி அம்மண்ணிலிருந்து குறையை நிரப்பிக்கொள்கிறது. சிமெண்டுத் தரையில் மண் ஏது? ஆதலின் இரண்டு வாரத்திற்குள் இரத்தச் சோகை கண்டு குட்டிகள் மடிகின்றன. பிறந்த மூன்றாம் அல்லது நான்காம் நாளிலும், பதினான்காம் நாள் வாக்கில் மறுமுறையும் கால்நடை மருத்துவரைக் கொண்டு இரும்புச் சத்து ஊசி போட்டுவிட்டால் இந்நஷ்டம் நேராது. இதைத் தரை போடச் சொன்ன அன்றே நாம் சொல்லியிருக்க வேண்டும்.

வகுப்பில் கைதூக்க நாணிய அம்மாணவன் கேட்டது, அன்று அப்பள்ளியில் கேட்கப்பட்ட கேள்விகள் எல்லாவற்றிலும் சிறந்த விஞ்ஞானக் கேள்வி. இருவகை நிலைகளை ஒப்புநோக்கி, மாறியது எது, அதனால் விளைந்தது எது என்று அவன் தானே ஆராய்ந்திருந்தான். அத்தகைய அறிவு வெட்கத்தினால் மறைந்துகிடப்பது நாட்டிற்கு நஷ்டமன்றோ? பஞ்சாயத்து அங்கத்தினர்களும் விவசாயப் பெருமக்களும் இவ்விஷயத்தைச் சிந்திக்க வேண்டும் என்பதே இக்கட்டுரையின் நோக்கம்.

வெட்கம் எதனால் வந்தது?

பன்றி வளர்ப்பு நம் நாட்டில் நெடுங்காலமாகச் சில ஏழைச் சமூகத்தாரின் தொழில் என்று ஒதுக்கிவைக்கப்பட்டது. தீவனம் வாங்க வசதியில்லாதவர்கள் பன்றிகளைத் தெருவில் விட்டனர். அவை சாக்கடையிலும் திறந்தவெளி மலத்திலும் மேய்ந்தன. பிராணியின் மீது ஏற்பட்ட அருவருப்பு, அதை வளர்க்கும் மனிதர் மீதும் படிந்தது. பன்றி இயல்பிலேயே அசுத்தமான பிராணி என்பது தவறான எண்ணம். அதன் தோலில் வியர்த்து உடலைக் குளிர்விக்கும் ஆற்றல் மிகவும் குறைவு. ஆதலின் வெயில் ஏறியதும் உடலை நனைக்க ஈரம் தேடுகிறது; நல்ல நீர் கிடைக்காவிடில் சேற்றில் புரளுகிறது. கொட்டகையில் இடமும் நீரும் கொடுத்தால், உண்ணும் இடத்தையும் படுக்கும் இடத்தையும் விட்டு ஒரு மூலையிலேயே அது மலஜலம் கழிப்பதைக் காணலாம்.

இன்னொன்றையும் மறைக்காமல் கூறவேண்டும். சில மதத்தினருக்குப் பன்றி விலக்கப்பட்டது. புலால் உண்ணாத குடும்பங்களும் பல. அவர்களுடைய கொள்கை மதிக்கத்தக்கது. ஆகவே இக்கல்வி விரும்பும் மாணவருக்கு, பெற்றோர் சம்மதத்துடன் அளிக்கப்பட வேண்டியது, எவர்மீதும் திணிக்கத்தக்கதன்று.

இப்பொழுது ஏன் இந்தப் பேச்சு?

திருவள்ளூர், கும்மிடிப்பூண்டிப் பகுதிகளில் பத்தாம் வகுப்போ பன்னிரண்டாம் வகுப்போ முடித்த இளைஞர்களுள் பலர் தொழிற்பேட்டையின் வாயிலை நோக்கியே செல்கின்றனர். அது நல்லதே. எனினும் ஒப்பந்த வேலை முடிந்ததும் வீடு திரும்பும் இளைஞரையும் நாம் காண்கிறோம். அவர்கள் மீண்டும் ஊன்றி நிற்க ஊரில் ஒரு தொழில் வேண்டும். நஞ்சை நிலம் இல்லாதவரும் சில சென்ட் இடத்தில் செய்யக்கூடிய தொழில்களுள் பன்றி வளர்ப்பு ஒன்று.

2019ஆம் ஆண்டின் 20ஆவது கால்நடைக் கணக்கெடுப்பின்படி இந்தியாவிலுள்ள பன்றிகள் சுமார் 90.6 லட்சம். 2012ஆம் ஆண்டுக் கணக்கைவிட இது 12 சதவிகிதம் குறைவு. அஸ்ஸாம் மாநிலம் ஒன்றில் மட்டும் சுமார் 21 லட்சம் உள்ளன. அங்கும் மற்ற வடகிழக்கு மாநிலங்களிலும் பன்றி வளர்ப்பு கௌரவமான குடும்பத் தொழில். பெண்கள் வீட்டோடு இருந்து நடத்துவது. நமது தொழிற்பேட்டைப் பகுதிக்கு வேலை தேடி வந்துள்ள வெளிமாநிலத் தொழிலாளருள் இவ்விறைச்சியை உண்ணும் வழக்கமுடையோரும் உண்டு. அருகே சென்னைப் பட்டணமும் இருக்கிறது.

மாணவன் கற்க வேண்டிய கணக்கு

பன்றி வளர்ப்பைப் பள்ளியில் அறிமுகம் செய்வதென்றால் பள்ளியில் பன்றி வளர்ப்பது என்று பொருளன்று. உயிரியலையும் கணிதத்தையும் ஒரு பிராணியைக் கொண்டு விளக்குவதே அது. பின்வரும் கணக்கைப் பாருங்கள்.

பன்றியின் சினைக்காலம் 114 நாட்கள். மூன்று மாதம், மூன்று வாரம், மூன்று நாள் என்று நினைவில் வைத்துக்கொள்ளலாம். குட்டிகள் 56 நாட்கள் தாயிடம் பால் குடிப்பதாகக் கொள்வோம். இரண்டும் சேர்ந்து 170 நாட்கள். பால் மறக்கடித்த ஒரு வாரம், பத்து நாட்களில் தாய் மீண்டும் பருவத்திற்கு வரும். ஆக, ஓர் ஈற்றிற்கு ஏறக்குறைய 180 நாட்கள்; வருஷத்திற்கு இரண்டு ஈற்று. ஓர் ஈற்றில் எட்டு முதல் பன்னிரண்டு குட்டிகள் வரை பிறக்கக்கூடும். அவற்றுள் எட்டுப் பிழைத்தால் வருஷத்திற்கு 16 குட்டிகள்.

பால் மறந்த குட்டியின் எடை 10 கிலோ என்றும், விற்பனைக்கு உரிய எடை 75 கிலோ என்றும் வைத்துக்கொண்டால், ஒவ்வொன்றும் 65 கிலோ வளர வேண்டும். ஒரு கிலோ வளர்ச்சிக்கு மூன்றரைக் கிலோ தீவனம் என்று கணக்கிட்டால், ஒரு பன்றிக்கு 227½ கிலோ. பதினாறுக்கு 3,640 கிலோ. தீவன விலை கிலோவிற்கு ஒரு ரூபாய் ஏறினால் ஒரு தாய்ப் பன்றியை வைத்திருப்பவருக்கு வருஷத்தில் 3,640 ரூபாய் கூடுதல் செலவு. மொத்தச் செலவில் ஏறக்குறைய முக்கால் பங்கு தீவனமே என்பது இதனால் விளங்கும். ஒவ்வோர் ஈற்றிலும் இரண்டு குட்டிகள் இரத்தச் சோகையால் இறந்தால், வருஷத்தில் நான்கு குட்டிகள், அதாவது 300 கிலோ உயிர் எடை நஷ்டமாகிறது. ஓர் ஊசியின் அருமை அப்பொழுது தெரியும். இக்கணக்கை ஒன்பதாம் வகுப்பு மாணவன் போட்டுவிடுவான். போட்டபின் தன் வீட்டுக் கொட்டகையை வேறு கண்ணால் பார்ப்பான்.

இனமும் இருப்பிடமும்

உலகெங்கும் புகழ்பெற்ற இனங்கள் லார்ஜ் ஒயிட் யார்க்ஷயர், லாண்ட்ரேஸ், டியூராக், ஹாம்ப்ஷயர் ஆகியவை. முதலிற் கூறியது இங்கிலாந்தில் தோன்றியது. நம் மாநிலத்தில் 'வெண்பன்றி' என்று வழங்குவது பெரும்பாலும் அதன் வழி வந்ததே. இந்தியாவுக்கே உரிய இனங்களும் உண்டு. மேற்கு வங்காளத்தின் குங்ரூ, மேகாலயத்தின் நியாங் மேகா, கோவாவின் அகோண்டா கோவன், நிக்கோபார்த் தீவுகளின் நிக்கோபாரி என்பவை அவற்றுட் சில. அஸ்ஸாமில் கௌஹாத்திக்கு அருகே ராணி என்னுமிடத்தில் மத்திய அரசின் தேசியப் பன்றி ஆராய்ச்சி மையம் 2002ஆம் ஆண்டு முதல் இயங்குகிறது.

நமக்கு அண்மையில் உள்ளது காட்டுப்பாக்கம். செங்கற்பட்டு மாவட்டத்தில், சென்னை–திருச்சி நெடுஞ்சாலையை ஒட்டி அமைந்துள்ள கால்நடை ஆராய்ச்சி நிலையத்தில் தமிழ்நாடு கால்நடை மருத்துவ அறிவியல் பல்கலைக்கழகத்தார் வெண்பன்றிப் பண்ணை ஒன்றை நடத்திவருகின்றனர். யார்க்ஷயர் இனத்தையும் நாட்டுப் பன்றியையும் கலந்து நம் தட்பவெப்பத்திற்கு ஏற்ற கலப்பினத்தை உருவாக்கும் பணி அங்கு நடைபெற்றுள்ளது. விவசாயிகளுக்குப் பயிற்சியும் அளிக்கப்படுகிறது.

கொட்டகை அமைக்க மேடான இடம் வேண்டும்; குடியிருப்பு, குடிநீர்க் கிணறு, ஏரி இவற்றிலிருந்து தள்ளியிருக்க வேண்டும். கூரை உயர்ந்து காற்றோட்டம் இருத்தல் அவசியம். தரை வழுக்காமல், நீர் தேங்காமல் சரிவாக இருக்க வேண்டும். வளரும் பன்றி ஒன்றிற்கு ஒரு சதுர மீட்டருக்குக் குறையாத இடமும், குட்டி ஈனும் தாய்க்கு ஏழு முதல் ஒன்பது சதுர மீட்டர் வரை இடமும் தேவை. பிறந்த குட்டிகளுக்கு முதல் வாரத்தில் 32 முதல் 35 டிகிரி செல்ஷியஸ் வரை வெப்பம் வேண்டும். தாய்க்கோ குளிர்ச்சி வேண்டும். ஆகவே குட்டிகளுக்குத் தனி மூலையும் விளக்கும் வைப்பது வழக்கம். தாய் புரண்டு படுக்கும்போது குட்டிகள் நசுங்காதிருக்கச் சுவரோரம் ஒரு குழாய்த் தடுப்பு வைத்தல் நலம். சாணத்தையும் கழுவு நீரையும் வாய்க்காலில் விடுவது குற்றம். அதைச் சாண எரிவாயுக் கலத்திற்கோ எருக்குழிக்கோ கொண்டுசெல்ல வேண்டும். நமது ஏரிகளுக்கும் பழவேற்காட்டு ஏரிக்கும் தொழிற்சாலைக் கழிவினால் உள்ள தொல்லை போதும். கொட்டகைக் கழிவும் சேர வேண்டா.

தொழிற்சாலை உணவுச்சாலையும் பன்றித் தீவனமும்

மக்காச்சோளம், அரிசித் தவிடு, கடலைப் பிண்ணாக்கு, சோயாப் பிண்ணாக்கு, கருவாட்டுத் தூள், தாது உப்புக் கலவை, சாதாரண உப்பு ஆகியவை முறையான தீவனத்தின் அங்கங்கள். செங்குன்றத்து அரிசி ஆலைகள் அருகிலிருப்பதால் தவிடு நமக்குக் கிட்டும். எனினும் விலை கொடுத்து வாங்கும் சக்தியில்லாத சிறு வளர்ப்போர் ஓட்டல்களிலும் தொழிற்சாலை உணவுச்சாலைகளிலும் மிஞ்சும் உணவையே நம்பியிருக்கின்றனர். வீணாகும் சோறு இறைச்சியாக மாறுவது சிக்கனமே. ஆயினும் இங்கேதான் பெரிய ஆபத்து இருக்கிறது.

இரண்டாம் உலகப் போரின்போது இங்கிலாந்தில் பன்றிக் கழகங்கள் ஏற்படுத்தப்பட்டு, வீட்டுச் சமையலறைக் கழிவைக் கொண்டு பன்றிகள் வளர்க்கப்பட்டன. பஞ்சக் காலத்தில் அது பேருதவியாயிற்று. அதே நாட்டில் 2001ஆம் ஆண்டு, முறையாகக் கொதிக்கவைக்காத கழிவு உணவைப் பன்றிகளுக்கு இட்ட ஒரு பண்ணையிலிருந்து கோமாரி நோய் பரவியதாக அறியப்பட்டது. அறுபது லட்சத்திற்கும் மேற்பட்ட கால்நடைகள் கொல்லப்பட்டன. அதன்பின் கழிவு உணவு இடுவதே அங்கு தடைசெய்யப்பட்டது.

நமக்கு இப்பொழுதுள்ள அச்சம் ஆப்பிரிக்கப் பன்றிக் காய்ச்சல். 1921ஆம் ஆண்டு கென்யாவில் முதன்முதல் விவரிக்கப்பட்ட இந்நோய், 2018இல் சீனத்திலும், 2020இல் அஸ்ஸாம், அருணாசலப் பிரதேசம் ஆகியவற்றிலும் புகுந்தது. 2022 ஜூலையில் கேரளத்தின் வயநாட்டில் கண்டறியப்பட்டது. 2023ஆம் ஆண்டின் தொடக்கத்தில் நீலகிரியின் முதுமலைப் பகுதியில் காட்டுப்பன்றிகளிடமும் காணப்பட்டது. மனிதருக்கு இது தொற்றாது. பன்றிகளுக்கோ பெரும்பாலும் மரணமே முடிவு. நோய் உறுதியானால், அவ்விடத்தைச் சுற்றி ஒரு கிலோமீட்டருக்குள் உள்ள பன்றிகளை அழிக்கவும், பத்துக் கிலோமீட்டர் வரை கண்காணிக்கவும் மத்திய அரசின் செயல்திட்டம் விதிக்கிறது. நோய்க் கிருமி இறைச்சியிலும் பதப்படுத்திய பண்டங்களிலும் பல மாதங்கள் உயிரோடிருக்கும். யாரோ ஒருவர் தட்டில் மீதம் வைத்த துண்டு ஒரு கிராமத்தின் கொட்டகைகளையே காலி செய்துவிடலாம்.

ஆகவே கழிவு உணவு இடுவோர் அதைக் குறைந்தது 90 டிகிரி செல்ஷியஸ் வெப்பத்தில் ஒரு மணி நேரம், இடைவிடாது கிளறிக் காய்ச்ச வேண்டும் என்பது உலகக் கால்நடை நல அமைப்பு வகுத்த அளவு. கொதி வந்ததும் இறக்குவது போதாது. காய்ச்சாத உணவு வந்திறங்கும் வாளியும், காய்ச்சிய உணவை எடுத்துச்செல்லும் வாளியும் வேறு வேறாக இருத்தல் வேண்டும். பிளாஸ்டிக் பை, ஈர்க்குச்சி, எலும்பு முதலியவற்றை அகற்ற வேண்டும். ஆலைகளின் இரசாயனக் கழிவு கலந்த எதையும் தீவனமாக்கலாகாது. சென்னை–கொல்கத்தா நெடுஞ்சாலை நம் வட்டாரத்தின் நடுவே செல்கிறது. வெளியூர்ப் பன்றிகளை ஏற்றிவரும் லாரிகளும், அவற்றோடு வரும் வியாபாரிகளின் காலணிகளும் நோயைக் கொண்டுவரக்கூடும். புதிதாக வாங்கிய பன்றியை ஒரு மாதமேனும் தனியே வைத்துப் பார்த்த பின்னரே மற்றவற்றோடு சேர்க்க வேண்டும்.

ஊர் நலமும் இதில் அடக்கம்

பன்றி வளர்க்காத விவசாயிகளும் அறிய வேண்டியவை இரண்டு உள்ளன. முதலாவது நாடாப்புழு. வேகாத பன்றி இறைச்சியிலுள்ள கட்டிகள் மனிதன் வயிற்றில் புழுவாகின்றன. அவன் மலத்தில் வெளிப்படும் முட்டைகளைப் பன்றி தின்றால் அதன் தசையில் மீண்டும் கட்டிகள் உண்டாகின்றன. அதே முட்டைகள் அசுத்த நீரிலோ கழுவாத கீரையிலோ கலந்து மனித வயிற்றை அடைந்தால், மூளைக்குச் சென்று வலிப்பு நோயை உண்டாக்கும். புலால் தொடாதவருக்கும் இது வரலாம். பன்றியைத் தெருவில் விடாமையும், எல்லோரும் கழிப்பிடத்தைப் பயன்படுத்துதலும் சேர்ந்துதான் இந்தச் சங்கிலியை அறுக்கும். பன்றி மட்டும் குற்றவாளி அன்று.

இரண்டாவது ஜப்பானிய மூளைக்காய்ச்சல். இந்தியாவில் இந்நோய் முதன்முதல் அறியப்பட்டது 1955ஆம் ஆண்டில், நம் வேலூர்ப் பகுதியிலேயே. நீர் தேங்கிய நெல் வயலில் பெருகும் கொசு, கொக்கிலிருந்தும் பன்றியிலிருந்தும் கிருமியை எடுத்து மனிதருக்குக் கொடுக்கிறது. பன்றியின் உடலில் கிருமி பன்மடங்கு பெருகுவதால், கொட்டகை குடியிருப்பை விட்டு விலகியிருப்பதும், மாலையில் கொசு புகாதவாறு காப்பதும் முக்கியம்.

என்னென்ன உத்தியோகங்கள்?

"பன்றியைப் பற்றிப் படித்தால் பன்றிதான் மேய்க்க வேண்டுமா?" என்று ஒரு தந்தை நம்மிடம் கேட்டார். அவ்வாறில்லை.

சொந்தமாகப் பண்ணை வைப்பது ஒரு வழி. 2021ஆம் ஆண்டு திருத்தியமைக்கப்பட்ட தேசியக் கால்நடை இயக்கத்தில், 100 தாய்ப் பன்றிகளும் 10 கிடாக்களும் கொண்ட பண்ணைக்கு மூலதனத்தில் பாதி, அதிகபட்சம் 30 லட்சம் ரூபாய் மானியம் என்றும், அதில் பாதி அளவுள்ள பண்ணைக்கு 15 லட்சம் வரை என்றும் விதி வகுக்கப்பட்டது. விண்ணப்பிக்குமுன் கால்நடை பராமரிப்புத் துறை அலுவலகத்தில் நடப்பு விதிகளைக் கேட்டறிய வேண்டும். ஆயினும் புதிதாகத் தொடங்கும் இளைஞர் மானியத்தை எண்ணி நூறு பன்றிகளில் தொடங்கலாகாது. இரண்டு தாய்ப் பன்றிகளோடு ஒரு வருஷம் பழகிய பின் பெருக்குவதே விவேகம்.

கால்நடை மருத்துவம் இரண்டாவது வழி. பன்னிரண்டாம் வகுப்பில் உயிரியல், இயற்பியல், வேதியியல் படித்தவர்க்கு ஐந்தரை வருஷப் பட்டப்படிப்பு உண்டு. 1903ஆம் ஆண்டு தொடங்கப்பட்ட சென்னைக் கால்நடை மருத்துவக் கல்லூரி நமக்கு அருகிலேயே இருக்கிறது. அரசுப் பள்ளிகளில் பயின்றவர்களுக்குத் தொழிற் படிப்புகளில் 7.5 சதவிகித இடம் ஒதுக்கும் சட்டம் 2021ஆம் ஆண்டு நிறைவேறியது. கால்நடை மருத்துவமும் அதில் அடங்கும். நம் கிராமப் பிள்ளைகளின் பெற்றோர் பலருக்கு இது தெரியவில்லை.

மூன்றாவது, உணவுத் தொழில்நுட்பம். திருவள்ளூர் மாவட்டத்திலேயே, கொடுவள்ளியில், கால்நடைப் பல்கலைக்கழகத்தின் உணவு, பால்வளத் தொழில்நுட்பக் கல்லூரி உள்ளது. இறைச்சியைச் சுகாதாரமாக வெட்டுதல், குளிரூட்டுதல், பதப்படுத்துதல் முதலியன தனித் தொழில்களாக வளர்ந்துள்ளன. தீவன ஆலை, நோய் ஆய்வுக்கூடம், 1932ஆம் ஆண்டு முதல் இராணிப்பேட்டையில் இயங்கும் கால்நடைத் தடுப்பு மருந்து நிலையம் போன்ற இடங்களில் ஆய்வாளரும் உதவியாளரும் தேவைப்படுகின்றனர். செயற்கை முறைக் கருவூட்டல் மற்றொரு துறை. பன்றியின் விந்தை, மாட்டு விந்தைப் போல் உறையவைக்காமல், சுமார் 17 டிகிரி வெப்பநிலையில் திரவமாகவே சில நாட்கள் காக்கின்றனர். அதனை நுணுக்கமாகச் செய்யக் கற்றவர் தேவை.

நான்காவது, மனித மருத்துவம். இரத்தம் உறையாமல் தடுக்கும் ஹெப்பாரின் என்னும் மருந்து பன்றியின் குடலிலிருந்து எடுக்கப்படுகிறது. பழுதுபட்ட இதய வால்வுக்குப் பதிலாகப் பன்றியின் வால்வு பொருத்தப்படுகிறது. 2022 ஜனவரியில் அமெரிக்காவின் மேரிலாந்தில், மரபணு மாற்றிய பன்றியின் இதயம் முதன்முறையாக ஒரு மனிதருக்குப் பொருத்தப்பட்டது. அவர் இரண்டு மாத காலம் உயிர் வாழ்ந்தார். 2024 மார்ச்சில் பாஸ்டனில் பன்றிச் சிறுநீரகம் ஒருவருக்குப் பொருத்தப்பட்டது. அருவருத்து ஒதுக்கிய பிராணி மனித உயிரைக் காக்க வந்திருக்கிறது.

பஞ்சாயத்து செய்யக்கூடியது

அமெரிக்காவில் இருபதாம் நூற்றாண்டின் தொடக்கத்திலேயே கிராமச் சிறுவர்களுக்கான பன்றிக் கழகங்கள் தோன்றின. சிறுவன் ஒரு குட்டியை எடுத்து வளர்த்து, தீவனச் செலவையும் எடையையும் தினம் ஏட்டில் எழுதிவர வேண்டும். பொருட்காட்சியில் பிராணியோடு ஏட்டையும் காட்ட வேண்டும். நாம் அதை அப்படியே செய்ய வேண்டியதில்லை. அந்த ஏட்டை மட்டும் கடன் வாங்கிக்கொண்டால் போதும். நம் யோசனைகள் இவை:

1. பள்ளி மேலாண்மைக் குழுவில் இவ்விஷயத்தை எடுத்துப் பேசி, வருஷத்தில் ஒரு நாளைக் 'கால்நடைத் தொழில் நாள்' என வைத்துக்கொள்ளலாம். மாடு, ஆடு, கோழியோடு பன்றியும் சமமாக இடம்பெற வேண்டும். பன்றிக்கு மட்டும் தனிநாள் வைத்தால் பழைய வெட்கமே தலைதூக்கும்.

2. அன்று உள்ளூர்க் கால்நடை மருத்துவரையும், நன்றாகப் பன்றி வளர்க்கும் ஒரு குடும்பத்தாரையும் அழைத்து, இருவரையும் ஒரே மேடையில் நாற்காலியிட்டு அமர்த்த வேண்டும். இதற்குச் செலவு ஒன்றுமில்லை, பலன் பெரிது.

3. விருப்பமுள்ள மாணவ மாணவியரைப் பெற்றோரின் எழுத்து மூலமான சம்மதத்துடன் காட்டுப்பாக்கம் போன்ற பண்ணைக்கு, முன் அனுமதி பெற்று, அழைத்துச் செல்லலாம். வீட்டில் பன்றி வளர்க்கும் மாணவர் துவைத்த உடையும் கழுவிய காலணியும் அணிந்து வருதல் வேண்டும். பண்ணை வாயிலில் மருந்து நீரில் கால் நனைத்தே உட்செல்ல வேண்டும். எங்கேனும் நோய்ச் செய்தி இருந்தால் பயணத்தை ஒத்திவைக்க வேண்டும். இந்த ஒழுங்கே முதற்பாடம்.

4. கொட்டகை வேலை என்ற பெயரில் மாணவரைக் கூலியின்றி வேலை வாங்குதல் கூடாது. கற்றல் வேறு, உழைப்பைச் சுரண்டுதல் வேறு.

5. ஊரில் பன்றி வளர்ப்போரை விரட்டுவதற்கு முன்னர், அவர்களுக்குக் குடியிருப்பை விட்டு விலகிய இடமும் தண்ணீரும் ஏற்பாடு செய்ய இயலுமா என்று பஞ்சாயத்து ஆலோசிக்க வேண்டும். தெருவில் பன்றி திரியலாகாது என்ற விதியைக் கண்டிப்பாக நிறைவேற்றலாம். அவ்விதிக்கு உட்பட்டு வாழ வழியும் காட்ட வேண்டும்.

நாம் மேற்கூறிய மாணவனின் வீட்டிற்குக் கால்நடை மருத்துவரை அழைத்துக்கொண்டு சென்றோம். அடுத்த ஈற்றுக் குட்டிகளுக்கு நான்காம் நாள் ஊசி போடப்பட்டது. ஒன்பது குட்டிகளில் எட்டுப் பிழைத்தன. ஒன்று தாயின் கீழ் நசுங்கி இறந்தது. குழாய்த் தடுப்பைப் பற்றியும் நாம் முன்னரே சொல்லத் தவறியிருந்தோம். மாணவன் ஒவ்வொரு குட்டியின் எடையையும் தன் கணக்கு நோட்டின் கடைசிப் பக்கங்களில் வாரந்தோறும் எழுதி வைத்திருந்தான். அந்நோட்டை வகுப்பில் காட்டினாயா என்று கேட்டோம். இல்லை என்று தலையசைத்தான்.

அவன் அந்நோட்டை நாணமின்றி வகுப்பில் விரிக்கும் நாளை உண்டாக்குவது அவன் ஒருவனால் ஆகக்கூடியதன்று. ஆசிரியரும், பெற்றோரும், பஞ்சாயத்தாரும், நம்மைப் போன்ற உத்தியோகஸ்தரும் சேர்ந்து செய்ய வேண்டிய காரியம் அது.